"அது ஒண்ணும் பண்ணாதுங்க"

நாய் வளர்க்கிறவர்கள் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டது போல இந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதைச் சொன்ன நேரத்தில் அவருடைய நாய் வேலிக்கு இந்தப் பக்கம், எங்கள் துணிக்கொடிக்குக் கீழே, முதுகு மயிர் சிலிர்த்துப் பல் தெரிய நின்றுகொண்டிருந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு துணி வாளி, அவ்வளவுதான். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டுக்குள் அது உண்மையிலேயே ஒன்றும் செய்யாது, பேரப்பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தால்கூடப் பேசாமல் படுத்திருக்கும். அவர் பார்க்கிற நாய் வேறு, நான் பார்க்கிற நாய் வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று அவரை நம்பவைக்கத்தான் வேலி வேலையைவிட அதிக நாள் பிடித்தது.

முதலில் அது ஏன் இப்படிச் செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தபால்காரரைக் கண்டால் நாய் குரைப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். தபால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். அவர் போனது அடுத்த வீட்டுக்குத் தபால் கொடுக்க. ஆனால் நாயின் கணக்கில், தான் குரைத்ததால் ஓடிவிட்டார். தினமும் ஜெயிக்கிற ஆட்டத்தை யார் நிறுத்துவார்கள்? எங்கள் கொல்லையிலும் அதேதான். அது உள்ளே வரும், உறுமும், நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போவோம் (வேறென்ன செய்வது?), அப்புறம் கொல்லை முழுக்க அதனுடைய ராஜ்ஜியம், மூலைக்கு மூலை காலைத் தூக்கி எல்லை வேறு குறித்துவிட்டுப் போகும். "போகப்போகப் பழகிடும் தம்பி" என்று அவர் சொன்னது சரிதான், பழகத்தான் செய்தது, எங்களை விரட்டுவதற்கு. அதனால்தான் சொல்கிறேன், நாயைத் திருத்துவதெல்லாம் பிறகு. அது உள்ளே வரும் வழியை முதலில் அடையுங்கள், ஒவ்வொரு நாளும் தள்ளிப்போடுவது அதற்குக் கூடுதலாக ஒரு நாள் பயிற்சி கொடுப்பதுதான்.

வழியைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். கேட் தாழ்ப்பாளைத்தான் நாங்கள் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால் வேலியின் பின்மூலையில், செடிகளுக்குப் பின்னால், கம்பி வலையின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு இடைவெளி. அந்த இடத்து மண் மட்டும் வயிறு உரசி உரசி வழுவழுவென்று ஆகியிருந்தது, வலையின் கீழ்க்கம்பியில் பழுப்பு மயிர் கொத்தாகச் சிக்கியிருந்தது. அத்தனை பெரிய நாய் அத்தனை சின்ன சந்தில் எப்படி நுழைகிறது என்று நம்பவே முடியவில்லை. தலை நுழைந்துவிட்டால் மிச்ச உடம்பைத் தட்டையாக்கி இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

அந்த ஓட்டையில் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டால் போதும் என்று தோன்றும். போதாது, அது பக்கத்திலேயே இன்னொன்று தோண்டும். தோண்டும் நாய்க்கு நிலைக்கிற வழி, ஒரு கம்பி வலையை ஓர் அடி இரண்டு அடி அகலத்துக்கு எடுத்து, வேலியின் அடியோடு கட்டி, மீதியைத் தரையில் படுக்கையாக விரித்து மேலே மண் மூடிவிடுவது. நாய் எப்போதும் வேலியின் காலடியில்தான் தோண்ட ஆரம்பிக்கும், அங்கே நகத்தில் வலை தட்டுப்பட்டதும் விட்டுவிடும், நாலு அடி பின்னால் போய் அங்கிருந்து சுரங்கம் தோண்டலாம் என்றெல்லாம் பெரும்பாலான நாய்களுக்குத் தோன்றாது. ஆனால் ஒரு சிக்கல், அந்த வலை நாய் தோண்டுகிற பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். அதாவது அவர்கள் நிலத்தில். அவர்கள் சம்மதம் இல்லாமல் நடக்காது.

அதனால் பேசித்தான் ஆக வேண்டும்.

எப்போது பேசுவது என்பதில்தான் பாதி இருக்கிறது. நாய் உறுமிக்கொண்டிருக்கும்போது, நமக்குக் கை நடுங்கிக்கொண்டிருக்கும்போது பேசினால் சண்டையில்தான் முடியும். சாயங்காலம் நிதானமாகப் போனேன், போனில் எடுத்த வீடியோவோடு. "சார், உங்க நாய் மோசம்னு சொல்ல வரல, வேலியில ஒரு ஓட்டை இருக்கு, அதை எப்படி அடைக்கிறதுன்னு கேட்க வந்தேன்" என்றுதான் தொடங்கினேன். நாயைக் குறை சொன்னால் பிள்ளையைக் குறை சொன்னது போல எடுத்துக்கொள்கிறார்கள், ஓட்டையைக் குறை சொன்னால் யாருக்கும் கோபம் வராது. அப்படியும் அவர் முகம் மாறியது. வீடியோவைப் பார்த்து, "இது எங்க நாய்தானா?" என்றார். அவருடைய மனைவி உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நான் எத்தனை தடவை சொல்லிட்டேன் இவர்கிட்ட, கேட்டாத்தானே" என்றதும்தான் பேச்சு வேலி பக்கம் திரும்பியது.

அங்கே கேட்க வேண்டியதை வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டிருக்கிறதா, கடைசியாக எப்போது, எந்த நேரத்தில் நாய் அவிழ்ந்து திரியும், அப்போது வீட்டில் பெரியவர்கள் யாராவது இருப்பார்களா. நல்லபடியாகப் பழகிய நாய் திடீரென்று சீற ஆரம்பித்திருந்தால் வலியும் காரணமாக இருக்கலாம், காதில் புண், மூட்டுவலி, பல்வலி என்று எதுவாகவும் இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்வது தப்பில்லை. அவர் உடனே சொன்ன தீர்வு, "அப்ப சங்கிலி போட்டுக் கட்டிடறேன்." ஓரிரு நாளுக்குச் சரி. ஆனால் நாள் முழுக்கக் கட்டிக்கிடக்கிற நாய் இன்னும் முரடாகத்தான் ஆகும், தப்பி ஓட இடமில்லாத நாய்க்குக் கடிப்பது ஒன்றுதான் வழி. வேலிக்கு அப்பால் ஆட்கள் நடமாடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதும் அதை வெறியேற்றும், பார்க்கவும் முடிகிறது, கிட்டே போகவும் முடியவில்லை. அதனால் வேலியின் கீழ்ப்பாதியை மட்டும் பார்வைபடாமல் மறைத்தோம், குரைப்பு பாதி அதிலேயே குறைந்தது.

இனி, நேருக்கு நேர் மாட்டிக்கொண்டால். ஓடாதீர்கள். நாயை ஓட்டத்தில் ஜெயிக்க நம்மால் ஆகாது, ஓடுகிற எதையும் துரத்துவது அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. கத்தாதீர்கள், கண்ணுக்குள் முறைத்துப் பார்க்காதீர்கள், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக் கைகளை ஒட்டி வைத்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். அது கொஞ்சம் தளர்ந்ததும் மெதுவாகப் பின்வாங்குங்கள், முதுகைக் காட்டாமல். நடுவில் ஏதாவது ஒன்று இருக்கட்டும், வாளி, நாற்காலி, பை, விரித்த குடை, எதுவானாலும் சரி, கடித்தால் அதைக் கடிக்கட்டும். கீழே விழுந்துவிட்டால் சுருண்டுகொண்டு கைகளைப் பிடரிக்குப் பின்னால் கோத்துக் காதையும் கழுத்தையும் மறையுங்கள். குழந்தைகளுக்கு இதைச் சும்மா இருக்கும் நாளிலேயே விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும், அந்த நேரத்தில் சொல்லி நடக்காது. வால் ஆட்டினால் நட்பு என்று நம்பவேண்டாம். விறைப்பாக, உயர்த்திய வாலைச் சின்னதாக வேகமாக ஆட்டும் நாயிடம் எச்சரிக்கையாக இருங்கள். விடாமல் குரைக்கிற நாயைவிட, குரைப்பை நிறுத்திவிட்டு உடம்பை இறுக்கிக்கொண்டு உற்றுப் பார்க்கிற நாய்தான் எனக்குப் பயம்.

கடி பட்டுவிட்டால், சின்னக் கீறல் என்றாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். 15 நிமிடம் என்றால் கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம், நின்று பார்த்தால்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரியும். அப்புறம் நேராக மருத்துவரிடம். கைவைத்தியமாக எதையும் புண்ணில் அப்ப வேண்டாம். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) அறிகுறி வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம், அறிகுறி வருவதற்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். 1885 ஜூலையில் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த 9 வயதுப் பையன் ஜோசப் மைஸ்டருக்குத் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றிய காலத்திலிருந்தே இதுதான் நிலைமை. "எங்க நாய்க்கு ஊசி போட்டாச்சு" என்று அவர்கள் சொன்னாலும் மருத்துவரைப் பார்ப்பதை விடாதீர்கள். நாயை 10 நாள் கண்காணிப்பில் வைக்கச் சொல்வார்கள், அதற்காக நம் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆத்திரத்தில் விஷம் வைப்பது, மிளகாய்ப்பொடி தூவுவது, கல்லெறிவது என்று யோசனை சொல்ல ஆள் நிறைய வருவார்கள். விஷம் எந்த நாய், எந்தப் பூனை, எந்தக் குழந்தை என்று பார்க்காது, பல நாடுகளில் அது தண்டனைக்குரிய குற்றமும்கூட. அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமல் நேரே கடிக்கும்.

பேசிப் பார்த்தும் அவர்கள் அசையவில்லை என்றால் எழுத்தில் கொடுங்கள். தேதி, நேரம், என்ன நடந்தது, படம், எல்லாம். இதற்குக் காரணம் இருக்கிறது. சில இடங்களில் நாய் கடித்தாலே வளர்ப்பவர்தான் பொறுப்பு, வேறு சில இடங்களில் தன் நாய் ஆபத்தானது என்று அவருக்கு முன்பே தெரியும் என்பதை நாம் காட்ட வேண்டியிருக்கும். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி கிடையாது, கடிதத்துக்கு உண்டு. அதற்கும் அசையாவிட்டால் அந்தக் கடிதத்தின் நகல்களோடு உள்ளூர் நிர்வாகத்திடம் போக வேண்டியதுதான்.

எங்கள் விஷயத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. வலைச் செலவை ஆளுக்குப் பாதியாகப் போட்டுக்கொண்டோம், அவர் பக்கத்து மண்ணை அவரே வெட்டினார், வெட்டும்போது நாய் வீட்டுக்குள் ஜன்னல் வழியாகக் கத்தித் தீர்த்தது. ஆனால் அவர் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் முன் கேட்டைச் சாத்தாமல் போவது மட்டும் இன்னும் நிற்கவில்லை. தானாக மூடிக்கொள்ள ஒரு ஸ்பிரிங் போடச் சொல்லியிருக்கிறேன், "பார்க்கலாம் தம்பி" என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே ஒன்று வாங்கிக்கொண்டு போய் நிற்கப்போகிறேன்.