வெவ்வேறு நிறுவனக் கருவிகளை மேட்டரில் சேர்த்துப் பார்த்த அனுபவம்: கடலூர் வீட்டிலிருந்து

திருப்பாதிரிப்புலியூரில் உள்ள எங்கள் வீட்டில் விளக்குகளை ஒரு நிறுவனமும், ஸ்மார்ட் பிளக்குகளை இன்னொரு நிறுவனமும், மின்விசிறி ரெகுலேட்டரை வேறொரு நிறுவனமும் செய்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் செயலி, தனித்தனிக் கணக்கு, தனித்தனிக் கடவுச்சொல் என்று இருந்த நிலையை மாற்றி, எல்லாவற்றையும் மேட்டர் என்னும் பொதுத் தரநிலையின் கீழ்க் கொண்டுவரும் வேலையில் சில மாதங்களாக ஈடுபட்டிருக்கிறேன். இதில் முடிந்தவற்றையும் இன்னும் முடியாதவற்றையும், இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் வகையில் எழுதிவைக்கிறேன்.

தொடங்கும்போதே எனக்கென ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டேன். இணையம் இல்லாத நாளிலும் வீட்டுக்குள் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று கேட்டு இயங்க வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததைப் பார்த்த மாவட்டம் இது. மின்சாரம் திரும்பிய பிறகும் ஃபைபர் இணைப்பு வராத நாள்கள் இங்கே புதியவை அல்ல. அப்படிப்பட்ட நாளில், அடுத்த அறையில் இருக்கும் விளக்கை அணைக்கக் கைப்பேசியில் தொட்டால், அந்தக் கட்டளை முதலில் ஒரு நிறுவனத்தின் சர்வருக்கும், அங்கிருந்து மற்றொரு நிறுவனத்தின் சர்வருக்கும் போய், பிறகுதான் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற பழைய ஏற்பாடு எந்தப் பயனும் தராது.

மேட்டரின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 டிசம்பரில் அமேசான், ஆப்பிள், கூகுள் ஆகிய மூன்றும், ஜிக்பீ என்னும் கம்பியில்லா இணைப்பு முறையை வளர்த்த ஜிக்பீ அலையன்ஸ் அமைப்பும் இணைந்து இந்தத் திட்டத்தை அறிவித்தன. 2021-இல் அந்த அமைப்பு கனெக்டிவிட்டி ஸ்டாண்டர்ட்ஸ் அலையன்ஸ் என்று பெயர் மாறியது. 2022 அக்டோபரில் மேட்டர் 1.0 வெளிவந்தது. எந்த நிறுவனத்தின் மிக்சியையும் எந்த நிறுவனத்தின் சாக்கெட்டிலும் நாம் யோசிக்காமல் செருகுகிறோம் என்றால், பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் ஐஎஸ் 1293 என்ற இந்தியத் தரநிலை இருப்பதே அதற்குக் காரணம். கட்டளைகளுக்கு அதே வேலையைச் செய்வது மேட்டர்.

மேட்டர் என்பது புதிய வானொலி அலைவரிசை அன்று. கருவி வைஃபை, ஈதர்நெட் என்னும் கம்பி இணைப்பு, த்ரெட் என்னும் சிக்கனமான கம்பியில்லா இணைப்பு ஆகியவற்றுள் ஒன்றின் வழியாக இணைகிறது. புளூடூத் பெரும்பாலும் முதன்முறை சேர்க்கும்போது மட்டும் பயன்படுகிறது. இவற்றுக்கு மேலே, கருவிகளுக்கு நெட்வொர்க் முகவரி தரும் ஐபிவி6, அதற்கும் மேலே எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஒரு கட்டளைத் தொகுப்பு. இயக்குவதற்கும் நிறுத்துவதற்கும் உரிய தொகுதியின் எண் 6. வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் தொகுதியின் எண் 8. கருவியின் மேல் யார் பெயர் அச்சிடப்பட்டிருந்தாலும் இந்த எண்கள் மாறுவதில்லை. இந்த அடுக்குகளைப் பிரித்துப் புரிந்துகொண்டதுதான் எனக்கு மிகவும் உதவியது. ஒரு கருவி பதில் தராதபோது, கோளாறு அலையிலா, வீட்டு நெட்வொர்க்கிலா, கட்டளையிலா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போக முடிந்தது.

வீட்டின் மூளையாக, ராஸ்பெர்ரி பை 4 என்னும் சிறிய கணினியில், வீட்டுக் கருவிகளை ஓரிடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை நிறுவி, அதையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் சேர்த்தேன். முதல் தடை நெட்வொர்க்கில் வந்தது. இணைய நிறுவனம் தந்த மோடம் ஒரு நெட்வொர்க்கையும், மாடிக்காகப் போட்டிருந்த ரவுட்டர் மற்றொரு நெட்வொர்க்கையும் நடத்திக்கொண்டிருந்தன. மேட்டர் கருவிகள் தாம் இருக்கும் இடத்தை எம்டிஎன்எஸ் என்னும் முறையில் நெட்வொர்க் முழுவதற்கும் அறிவிக்கின்றன; அந்த அறிவிப்பு தன் நெட்வொர்க்கைத் தாண்டிப் போவதில்லை. மாடி ரவுட்டரை, தனி நெட்வொர்க் நடத்தாமல் கீழுள்ள நெட்வொர்க்கின் வைஃபையை மட்டும் நீட்டித்துத் தரும் அக்சஸ் பாயிண்டாக மாற்றி, ஐபிவி6-ஐ இயக்கியதும், மாடிப் பிளக்குகள் கீழேயிருந்த கணினிக்குத் தெரியத் தொடங்கின. மேட்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லும் நண்பர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, வீட்டில் எத்தனை ரவுட்டர் இருக்கிறது என்பதுதான்.

சேர்க்கும் முறை எளிது. கருவியின் மேல் க்யூஆர் குறியீடும் அதற்குக் கீழே 11 இலக்க எண்ணும் இருக்கும். ஸ்கேன் செய்ததும், கருவி தன்னிடமுள்ள சான்றிதழைக் காட்டித் தான் யார் என்பதை மெய்ப்பிக்கிறது. பிறகு வீட்டின் வைஃபை விவரத்தையும், அந்த வீட்டுக்கென உருவாக்கப்பட்ட புதிய சான்றிதழையும் பெற்றுக்கொள்கிறது. பிளக்கைச் சுவரில் பொருத்திவிட்டால் ஸ்டிக்கர் பின்பக்கம் மறைந்துவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எந்த அறை என்று குறித்துச் சேமித்துவைப்பது அவசியம்.

மேட்டரில் நான் மிகவும் மதிக்கும் அம்சம் அடுத்து வருவது. ஒரே கருவி ஒரே நேரத்தில் பல நிர்வாகிகளுக்குக் கட்டுப்பட முடியும். குறைந்தது ஐந்து நிர்வாகக் குழுக்களை ஒரு கருவி தாங்க வேண்டும் என்று தரநிலையே கேட்கிறது. அப்பா பயன்படுத்துவது கூகுள் ஹோம். தங்கையிடம் ஐபோனும், ஆப்பிளின் ஸ்மார்ட் ஸ்பீக்கரான ஹோம்பாட் மினி ஒன்றும் உள்ளன. ஹோம் அசிஸ்டன்டிலிருந்து பகிரும் வசதியைத் திறந்தால், சில நிமிடங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் புதிய எண் ஒன்று கிடைக்கிறது. அதைத் தங்கையின் ஐபோனில் இட்டதும் கூடத்து விளக்கு அங்கேயும் வந்துவிட்டது. அப்பாவுக்கும் அவ்வாறே. ஒருவர் தம் செயலியிலிருந்து விளக்கை நீக்கினாலும் மற்றவர்களுக்கு அது அப்படியே இருக்கும். யார் எந்தக் கைப்பேசி வாங்க வேண்டும் என்பதை இனி ஒரு பல்பு தீர்மானிக்காது என்பது எங்கள் வீட்டில் உண்மையான விடுதலை.

இதையெல்லாம் சேர்த்த பிறகு, மோடத்திலிருந்து ஃபைபர் ஒயரைக் கழற்றிவிட்டுச் சோதித்தேன். ஹோம் அசிஸ்டன்டிலும் ஐபோனிலும் விளக்கும் பிளக்கும் தயக்கமின்றி இயங்கின. குரல் கட்டளைகள் மட்டும் பெரும்பாலும் நின்றுபோயின, ஏனெனில் பேச்சைப் புரிந்துகொள்ளும் வேலை வெளியில் உள்ள சர்வரில் நடக்கிறது. அது மேட்டரின் எல்லைக்குள் வராது.

நானே செய்த பகுதி தண்ணீர்த் தொட்டிக்கானது. மொட்டைமாடியிலுள்ள 1000 லிட்டர் தொட்டியில், நீர்மட்டத்தோடு மிதந்து இயங்கும் ஒரு ஃப்ளோட் சுவிட்சைத் தொங்கவிட்டு, அதன் ஒயரைப் படிக்கட்டு அறையில் வைத்த, வைஃபை வசதியுள்ள ஈஎஸ்பி32-சி6 என்னும் சிறிய மின்னணுப் போர்டுடன் இணைத்தேன். இத்தகைய போர்டுகளுக்கு நிரல் எழுத உதவும் ஆர்டுயினோவில் உள்ள மேட்டர் நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு), இதைக் கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்லும் சென்சாராக அறிவிக்க இடம் தருகிறது. தொட்டி நிரம்பினால் 'மூடியது', குறைந்தால் 'திறந்தது'. தண்ணீர் விழும் வேகத்தில் ஃப்ளோட் ஆடிக்கொண்டே இருப்பதால், ஒரே நிலை சில விநாடிகள் நீடித்தால் மட்டுமே அதை ஏற்கும்படி நிரலில் எழுதினேன். உப்புக் காற்று போர்டை அரிக்காமல் இருக்க, ரப்பர் வளையம் வைத்த ஜங்ஷன் பாக்ஸுக்குள் அதை அடைத்தேன். இது சான்றிதழ் பெறாத, சோதனை அடையாளத்தோடு இயங்கும் கருவி. ஹோம் அசிஸ்டன்ட் அதை ஏற்றது, ஐபோன் ஓர் எச்சரிக்கை காட்டிவிட்டு ஏற்றது.

அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் 1 எச்பி. தொடங்கும் நொடியில் அது இழுக்கும் மின்னோட்டம், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு என்பதால், ஸ்மார்ட் பிளக்கின் உள்ளே சுவிட்சாக இயங்கும் சிறிய ரிலேயில் அதை நேரடியாக மாட்டுவது ஆபத்து. எங்கள் தெருவின் எலெக்ட்ரீஷியன் அண்ணன், பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் மின்காந்தச் சுவிட்சான கான்டாக்டர் ஒன்றைப் பொருத்தித் தந்தார். பிளக் அந்தக் கான்டாக்டரின் காயிலுக்கு மட்டுமே மின்சாரம் தருகிறது. அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஏம்பா, கரண்ட் போயிட்டு வந்தா மோட்டார் தானா ஓடிடாதே?" என்பதுதான். மிகச் சரியான கேள்வி. மின்சாரம் திரும்பும்போது கருவி எந்த நிலையில் விழிக்க வேண்டும் என்பதற்கு மேட்டரில் ஒரு தனி அமைப்பு உண்டு: அணைந்தே இருக்கலாம், இயங்கலாம், முன்பிருந்த நிலைக்குத் திரும்பலாம். கூடத்து விளக்குக்கு முந்தைய நிலையையும், மோட்டார் பிளக்குக்கு அணைந்த நிலையையும் வைத்தேன். தொட்டிச் சென்சார் நெட்வொர்க்கிலிருந்து காணாமல் போனாலும் மோட்டாரை நிறுத்தும்படி விதி எழுதினேன். அதற்கு மேலும், எந்த நெட்வொர்க்கையும் நம்பாத தனி டைமர் ஒன்று ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் மென்பொருளை மட்டும் காவல் வைக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

த்ரெட் பற்றிய அனுபவம் இன்னும் சிறிது. சிங்கப்பூரிலிருந்து வந்த அத்தை மகன் ஒரு த்ரெட் கதவுச் சென்சார் கொண்டுவந்தான். த்ரெட், ஐஇஇஇ 802.15.4 வானொலியில், 2.4 கிகாஹெர்ட்ஸில், நொடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் இயங்குவது. மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுவதால் பேட்டரிச் சென்சார்களுக்கு ஏற்றது. அதை வீட்டு நெட்வொர்க்கோடு சேர்க்க ஒரு பார்டர் ரவுட்டர் வேண்டும். தங்கையின் ஹோம்பாட் மினியே அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் எங்கள் வீட்டின் பின்கட்டுச் சுவர்கள் பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர்கள். கொல்லைக் கதவுவரை அலை எட்டவில்லை. த்ரெட்டில் எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் கருவிகள் செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும் என்பதால், இடையில் அத்தகைய பிளக் ஒன்றை வைக்க வேண்டியிருக்கிறது. அதுவரை அந்தச் சென்சார் வாசல் கதவில் இருக்கும்.

பழைய ஜிக்பீ விளக்குகளைத் தூக்கிப்போடத் தேவையில்லை. ஜிக்பீ விளக்குகளை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் பிலிப்ஸ் ஹியூ பிரிட்ஜுக்கு 2023 செப்டம்பரில் மேட்டர் வசதி வந்தது. அந்தப் பிரிட்ஜை ஒருமுறை சேர்த்தால், அதன் கீழுள்ள எல்லா விளக்குகளும் மேட்டர் விளக்குகளாகத் தெரிகின்றன.

குறைகளும் உண்டு. தரநிலை ஒரு கருவி வகையைச் சேர்த்துவிட்டாலும், செயலிகள் அதை ஏற்கக் காலம் எடுத்துக்கொள்கின்றன. 2023 அக்டோபரில் வந்த 1.2 பதிப்பு, ஏசி, சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி என்று நிறையச் சேர்த்தது. 2024 மே மாதத்தின் 1.3, மின்சாரச் செலவைத் தெரிவிக்கும் முறையையும் நீர்க்கசிவுச் சென்சாரையும் கொண்டுவந்தது. இவை ஒவ்வொரு செயலியிலும் ஒரே அளவில் இல்லை. மேலும், ஒரு விளக்கின் சிறப்பு ஒளிக்காட்சிகள் போன்றவை அந்தந்த நிறுவனச் செயலியிலேயே தங்கிவிடுகின்றன. பெட்டியின் மேல் மேட்டர் முத்திரை இருக்கிறதா என்பதோடு, வைஃபையா த்ரெட்டா, நமக்கு வேண்டிய வசதி நம் செயலியில் வருகிறதா என்பதையும் வாங்கும் முன் பார்க்க வேண்டும்.

இப்போது கையிலிருக்கும் வேலை மின்விசிறி. மேட்டர் அதன் வேகத்தை 0 முதல் 100 வரையான சதவீதமாகவும் சொல்கிறது; நம் ரெகுலேட்டரில் இருப்பதோ ஐந்து நிலைகள். ஒரு நிலைக்கு 20 சதவீதம் என்று வகுத்துவிட்டேன் என்றாலும், ஒரு செயலியில் 50 என்று இழுத்தால் விசிறி மூன்றாம் நிலைக்குப் போய், திரையில் 60 என்று திரும்பி வருகிறது. அம்மா சுவரிலுள்ள குமிழைத் திருப்பினாலும் அந்த மாற்றம் மூன்று கைப்பேசிகளிலும் உடனே தெரிய வேண்டும். ஹோம் அசிஸ்டன்டில் தெரிகிறது, மற்ற இரண்டில் ஒன்று இன்னும் தாமதிக்கிறது. அதைச் சரிசெய்த பிறகு, கொல்லைப்புறத்துக்கான த்ரெட் பிளக்கை வாங்குவதாக இருக்கிறேன்.