உப்பமும் கருங்கண்ணியும்: இரு நாட்டுப் பருத்திகள் ஏன் ஒன்றாகவில்லை

கோயம்புத்தூரில் பருத்திப் பயிர்ப் பெருக்கத்தில் பணியாற்றிய ஆண்டுகளில் என் முதன்மையான வேலை, எளிதில் கலவாத இரண்டு சிற்றினங்களைக் கலக்க முயல்வது. நாட்டுப் பருத்தியான கருங்கண்ணி, கோசிப்பியம் ஆர்போரியம் என்னும் சிற்றினத்தைச் சேர்ந்தது. வறட்சியையும் சாறு உறிஞ்சும் பூச்சிகளையும் நன்றாகத் தாங்கும். ஆனால் இழை குட்டையானது, சற்று முரடானது. அமெரிக்காவிலிருந்து வந்த ஹிர்சூட்டம் என்னும் சிற்றினம் நீண்ட இழை தரும். ஆனால் நீரும் மருந்தும் கேட்டுக்கொண்டே இருக்கும். முன்னதன் தாங்குதிறனைப் பின்னதற்குக் கொண்டுசேர்க்க முடிந்தால் மானாவாரி உழவருக்கு அது பெரிய உதவியாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொரு பருவமும் தொடங்கியது.

மறுநாள் மலரவிருக்கும் ஹிர்சூட்டம் மொட்டைப் பிற்பகலில் தேர்ந்து, இதழ்களோடு மகரந்தக் குழலையும் கட்டைவிரல் நகத்தால் கீறி உரித்தெடுத்து, சூல்தண்டை மட்டும் விட்டுவைத்துக் காகிதப் பை மாட்டுவோம். மறுநாள் காலை கருங்கண்ணிப் பூவைக் கொண்டுவந்து சூல்முடியில் தடவி, காம்பில் நூல் கட்டி அடையாளமிடுவோம். மகரந்தம் முளைக்கும், குழாய் இறங்கும், கருவுறுதலும் நடக்கும். பிறகு சில நாட்களில் பிஞ்சு பழுத்து உதிர்ந்துவிடும். உதிர்ந்த பிஞ்சை அறுத்துப் பார்த்தால், கருவை ஊட்ட வேண்டிய கருவூண் வளராமல் சிதைந்திருப்பதும், அதனால் கரு பட்டினியால் மடிந்திருப்பதும் தெரியும். காம்பில் வளர்ச்சி ஊக்கிகளான ஜிப்ரலிக் அமிலமும் என்.ஏ.ஏ.யும் தடவிப் பிஞ்சை நிறுத்திப் பார்ப்போம். அதுவும் போதாதபோது, இளஞ்சூலை எடுத்து ஆய்வகத்தில் ஊட்டக் கரைசலில் வளர்ப்போம்.

இவ்வளவுக்கும் பிறகு பிழைத்த செடி, பார்வைக்கு நன்றாகவே தழைத்து நிற்கும். காய் மட்டும் வைக்காது. நாட்டுப் பருத்திக்கு 26 குரோமோசோம்கள், அமெரிக்கப் பருத்திக்கு 52, பிள்ளைக்கு 39. மகரந்தம் உருவாகும் நேரத்தில் நுண்ணோக்கியில் பார்த்தால், 13 இணைகள் சேர்ந்து நிற்க, இன்னும் 13 குரோமோசோம்கள் துணையின்றிச் சிதறிக் கிடக்கும். 1934ஆம் ஆண்டில் ஸ்கோவ்ஸ்டெட் என்ற ஆய்வாளர் இதைக் கொண்டே, அமெரிக்கப் பருத்தி என்பது ஆசிய வகை ஒன்றும் அமெரிக்கக் காட்டு வகை ஒன்றும் சேர்ந்து உண்டானது என்று கணித்தார். 1940இல் பீஸ்லி என்ற ஆய்வாளர், ஆர்போரியத்தை அமெரிக்கக் காட்டுப் பருத்தியான தர்பெரியோடு கலந்து, மலடான பிள்ளையின் குரோமோசோம்களைக் கோல்கிசின் என்னும் வேதிப்பொருள் கொண்டு இரட்டிப்பாக்கினார். வளமுள்ள செடி கிடைத்தது. எங்கள் கூடத்திலும் இதே கோல்கிசின்தான். மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக் கிழங்கு என்று பயிரிடப்படும் செங்காந்தளின் விதையில் உள்ள அதே பொருள் என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

மனித உதவி இல்லாமல் இந்த இணைப்பு இயற்கையில் ஏறத்தாழ 10 முதல் 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்திருக்கிறது. குரோமோசோம் இரட்டித்த அந்தச் செடி, தன் இரு பெற்றோரோடும் வளமாகக் கலக்க முடியாத நிலையைப் பிறந்த அன்றே அடைந்துவிட்டது. ஓரிரு தலைமுறையிலேயே புதுச் சிற்றினத்திற்கான அடித்தளம் விழுந்துவிட்டது. தாவர உலகில் இவ்வழி அடிக்கடி நடந்திருக்கிறது. ஆனால் என் பணியில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இந்தத் திடீர்ப் பிரிவு அல்ல. மெதுவாக நடந்த பிரிவு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலிச் சீமையின் கரிசல் வயல்களில் கருங்கண்ணியும் உப்பமும் ஒரே நிலத்தில் கலந்து விளைந்தன. இரண்டின் பஞ்சும் சேர்ந்தே திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரில் சந்தைக்குப் போயிற்று. உப்பம், ஹெர்பேசியம் என்னும் வேறொரு சிற்றினம். அதற்கும் 26 குரோமோசோம்கள்தான். இரண்டும் ஒரே பருவத்தில் பூக்கின்றன, ஒரே தேனீக்கள் இரண்டிலும் அமர்கின்றன, கையால் கலந்தால் விதை எளிதாகப் பிடிக்கிறது, முதல் தலைமுறைச் செடியும் செழிப்பாக வளர்ந்து காய் தருகிறது. தூரமோ, காலமோ, பூவின் அமைப்போ, கருவின் மரணமோ குறுக்கே நிற்கவில்லை. பாடநூல்களில் வரிசையாகச் சொல்லப்படும் தடைகளில் பெரும்பாலானவை இங்கே இல்லை. அப்படியிருந்தும், உருண்டைக் காயும் விரிந்து பல்பல்லான பூவடிச் செதில்களும் கொண்ட உப்பம் உப்பமாகவே இருந்தது. ஆழமாகப் பிளந்த இலையும் கூர்நுனிக் காயும் கொண்ட கருங்கண்ணி கருங்கண்ணியாகவே இருந்தது. இடைப்பட்ட செடிகள் நிலைத்து ஒரு கூட்டமாகப் பெருகவில்லை.

விடை இரண்டாம் தலைமுறையில் இருக்கிறது. முதல் தலைமுறைச் செடியின் விதையை விதைத்தால் வயலில் குள்ளங்களும் வெளிறியவையும் பூக்காதவையும் அரை மலடுகளும் கலந்து வரும். நல்ல செடிகளுக்கு இடையே அவை போட்டியில் தோற்று மறையும். பழைய உலகப் பருத்திகளைப் பற்றி 1940களில் எழுதிய சைலோ, இந்தச் சீர்குலைவே இவ்விரு சிற்றினங்களையும் பிரித்துவைக்கிறது என்று காட்டினார். இவற்றின் குரோமோசோம்களில் ஓரிடத்தில் துண்டு மாறியிருக்கிறது. ஆனால் அந்த ஒரு மாற்றம் மட்டும் இவ்வளவு கேட்டுக்குப் போதாது. பல இலட்சம் ஆண்டுகள் தனித்தனியே வாழ்ந்ததில், ஒவ்வொரு பக்கத்து மரபணுக்களும் தங்களுக்குள் ஒத்துப்போகும்படி மாறியிருக்கின்றன. முதல் தலைமுறையில் இரு முழுத் தொகுதிகளும் அருகருகே இருப்பதால் வேலை நடக்கிறது. இரண்டாம் தலைமுறையில் அவை பிரிந்து கலையும்போது, ஒரு வீட்டுச் சாவியும் மறு வீட்டுப் பூட்டும் ஒரே செடியின் பங்காகிவிடுகின்றன.

மெக்ஸிகோவின் பாஹா கலிபோர்னியாவில் வளரும் டேவிட்சோனி என்ற காட்டுப் பருத்தி இதை இன்னும் கூர்மையாகக் காட்டும். அதை ஹிர்சூட்டத்தோடு கலந்தால் பிள்ளை மடிந்துபோகிறது; காரணம், இரு பக்கத்திலிருந்தும் வரும் மரபணுக்களின் சேர்க்கை. அவை தத்தம் சொந்தச் செடியில் எந்தத் தீங்கும் செய்வதில்லை. மரபியலாளர்களான பேட்சன் 1909இலும், பின்னர் டோப்ஷான்ஸ்கியும் முல்லரும் சொன்ன விளக்கம் இதுவே. யாரும் யாரையும் தடுப்பதற்காக இந்த மாற்றங்கள் தோன்றவில்லை. பிரிந்து வாழ்ந்ததன் பக்கவிளைவாகச் சேர்ந்தவை, மீண்டும் சந்திக்கும் நாளில் தடையாகின்றன. தடைகளைச் சிற்றினத்தைக் காக்க எழுப்பிய மதில்கள் என்று கற்பிப்பதை நான் ஏற்பதில்லை. அப்படிக் கற்ற மாணவர், பாதி கசியும் தடையைப் பார்க்கும்போது அதை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடுகிறார். என் பார்வையில், பிரிவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அந்தக் கசிவுதான் சொல்கிறது.

உழவர்கள் இதைத் தங்கள் விதைச் செலவில் அறிவார்கள். ஹிர்சூட்டமும் எகிப்தியப் பருத்தி வகையான பார்படென்ஸும் சேர்ந்த வரலட்சுமி என்ற வீரிய ஒட்டு, 1972இல் கர்நாடகத்தின் தார்வாடிலிருந்து வெளிவந்தது, 1981இல் டி.சி.எச். 32 என்ற அதே வகை ஒட்டு வந்தது. பெற்றோர்ச் சிற்றினங்கள் இரண்டுக்கும் 52 குரோமோசோம்கள், ஒரே மூதாதை. முதல் தலைமுறையின் வீரியமும் இழை நீளமும் கண்ணுக்கு விருந்து. அதன் விதையை எடுத்துவைத்து மறு ஆண்டு விதைத்தால், எல்லா ஒட்டு ரகங்களிலும் காணும் விளைச்சல் சரிவோடு, இச்சிற்றினங்களுக்கே உரிய குலைவும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு பூவையும் கையால் உரித்துக் கலந்து, ஆண்டுதோறும் புது விதை செய்ய வேண்டியிருப்பது இதனால்தான்.

என் சொந்த வேலையிலும் இது தொடர்ந்து வந்தது. கலப்பினத்தை ஹிர்சூட்டத்தோடு மீண்டும் மீண்டும் சேர்க்கும்போது, கணக்குப்படி ஒவ்வொரு முறையும் அயலானின் பங்கு பாதியாகக் குறைய வேண்டும். 1949ஆம் ஆண்டில் ஸ்டீபன்ஸ் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டியபடி, பருத்தியில் அது அதைவிட விரைவாகவே மறைகிறது. அயல் துண்டுகளைச் சுமக்கும் சூல்களும் நாற்றுகளும் வழியிலேயே கழிந்துவிடுகின்றன. ஆகவே பின்கலப்புத் தலைமுறைகளை முடிந்த அளவு பெரிய எண்ணிக்கையில் வளர்க்கும்படி கேட்டுக்கொண்டேன். களையெடுக்கும் பெண்களிடம், மெலிந்த செடி என்று எதையும் பிடுங்க வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். அந்த மெலிந்த செடிகளின் மகரந்தத்தை, வளமான மணிகளில் மட்டும் நன்றாகப் பிடிக்கும் அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயத்தில் ஏற்றி, சாயம் ஏற்றவை எத்தனை, ஏற்காதவை எத்தனை என்று எண்ணிப் பதிவேட்டில் எழுதிய பிறகே, எவற்றை அடுத்த கலப்புக்கு எடுப்பது என்று முடிவு செய்தோம்.