கடை அண்ணை

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்க மலர்களைப் புரட்டினால் அதிபர்கள், வைத்தியர்கள், பொறியியலாளர்கள் பற்றிய நினைவுகள் நிறைய இருக்கும். இருக்கத்தான் வேண்டும். ஆனால் எட்டாம் வகுப்போடு கல்லூரியை விட்டுப் போய், யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் பலசரக்குக் கடை வைத்து, கடைசிவரை அந்தக் கல்லூரிப் பிள்ளைகளுக்காகவே ஓடித் திரிந்த ஒருவரைப் பற்றி யாரும் எழுதவில்லை. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் 'கடை அண்ணை'. நானும் அப்படியே எழுதுகிறேன்.

விடுமுறைக் காலங்களில் அவர் கடையில் சாமான் கட்டிக் கொடுக்க நின்றிருக்கிறேன். தவணை முடிந்ததும் பிள்ளைகளின் பழைய கொப்பிகளைச் சரை (கடதாசிப் பொட்டலம்) சுற்றுவதற்கு நிறுத்து வாங்குவார். வாங்கியதும் கிழித்துவிட மாட்டார். மத்தியானம் வியாபாரம் ஓய்ந்த பிறகு ஒவ்வொன்றாகப் புரட்டி, எழுதாத ஒற்றைகளை மட்டும் பக்குவமாகக் கழற்றி, விளிம்பு தட்டி அடுக்கி, சாக்கு ஊசியால் தைப்பார். மேலே தடித்த கடதாசியில் ஒரு மட்டை. அடுத்த தவணை தொடங்கும்போது அந்தக் கொப்பிகள் சில வீடுகளுக்குப் போகும். கையில் கொடுக்க மாட்டார். சீனி, பருப்போடு பையின் அடியில் வைத்துவிடுவார். வீட்டுக்குப் போய்ப் பையைக் கொட்டும்போதுதான் பிள்ளைக்கே தெரியும். "பிள்ளைக்கு வெட்கமா இருக்கக்கூடாது, தம்பி" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் என்று பலதும் நின்றுபோயின. மின்சாரமும் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதே அருமை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து எரித்த விளக்கில் படித்தவர்களுக்கு அந்த வெளிச்சம் நினைவிருக்கும். பதுக்கி விற்றால் நல்ல காசு பார்க்கக்கூடிய காலம் அது. அண்ணை வந்த மண்ணெண்ணெயைப் பங்கிட்டார். சோதனை எழுதும் பிள்ளை உள்ள வீட்டுக்கு மட்டும் ஒரு சுண்டு கூடுதலாக. அதற்கு யாரும் சண்டை பிடித்ததில்லை. ஊரே ஒத்துக்கொண்ட ஒரே பாரபட்சம் அதுதான் என்று நினைக்கிறேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கியதால், யாழ் நகரத்தோடு சேர்ந்த வலிகாமப் பகுதியே எங்கள் தென்மராட்சிப் பக்கம் பெயர்ந்து வந்தது. கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தில் கால் வைக்க இடமில்லாமல், லட்சக்கணக்கில் சனம். விடியும்போது தென்மராட்சிப் பள்ளிக்கூடங்கள், கோயில்கள், மரநிழல்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. அண்ணை கடையில் இருந்த அரிசி மூட்டைகளை வண்டியில் ஏற்றி எங்கள் கல்லூரி வளவுக்குக் கொண்டுவந்தார். ஊர் வாசிகசாலைப் பெடியளைச் சேர்த்துக் கிடாரத்தில் கஞ்சி காய்ச்சினார். நாட்கணக்கில் நடந்தது. அவரே அடுப்படியில் நின்றார். அவர் யாரையும் அதட்டி நான் கேட்டது அப்போது மட்டும்தான்: வரிசையில் குழந்தையோடு நின்ற தாயை ஒருவர் முந்தப் பார்த்தபோது.

2000இல் சாவகச்சேரி நகரம் சண்டையில் தரைமட்டமானது. கடையும் போனது, கடன் கொப்பியும் போனது. வடமராட்சியில் இருந்துவிட்டுத் திரும்பிவந்து, நாலு தகரத்தை நிறுத்தித் திரும்பவும் தராசைத் தூக்கினார்.

2002இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்த பிறகு வெளிநாட்டிலிருந்து பலர் ஊருக்குப் போனோம். எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன் தகப்பனாரின் பழைய கணக்கைத் தீர்க்கப் போனான். கொப்பி இல்லாவிட்டாலும் அண்ணைக்குத் தொகை நினைவிருந்தது. இவன் அதைப்போலப் பல மடங்கு நீட்டினான். தனக்குரியதை மட்டும் எண்ணி லாச்சிக்குள் போட்டார். மிச்சத்துக்கு வாசிகசாலைப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்து, தகப்பனாரின் பெயரில் எழுதி, கிழித்துக் கொடுத்தார்.

அண்ணை இப்போது இல்லை. வாசிகசாலைக்குப் பத்திரிகைக் காசு எங்கள் வகுப்பினர் அனுப்பி வருகிறோம். வருகிற தவணையிலிருந்து கொப்பிகளும் வாங்கிக் கொடுக்க யோசித்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதையும் வாசிகசாலைக்காரரிடம் விளக்கிச் சொல்லியாயிற்று. சேர விரும்புபவர்கள் சங்கச் செயலாளரோடு கதையுங்கள்.