ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரு வரி

2021 அக்டோபரில் என் வலது கைக் கட்டைவிரல் போனது. பர்கூர் பக்கம் ஒரு சின்ன கிரானைட் பாலிஷ் பட்டறை. முதலாளியையும் சூப்பர்வைசரையும் சேர்க்காமல் நாங்கள் ஏழு பேர். கட்டிங் மிஷினுக்கு அடியில் கல் சேறு அடைத்துக்கொண்டால் கையால்தான் வழித்துப் போடுவோம். அன்று வழிக்கும்போது கையுறையின் நுனியை பெல்ட் இழுத்துக்கொண்டது. பெல்ட்டை மூடும் கம்பி வலையை, நான் வேலை செய்த மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அங்கே பார்த்ததில்லை.

கையில் துண்டைச் சுற்றி, பைக்கில் நடுவில் உட்கார வைத்து கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் சூப்பர்வைசர் காதருகே வந்து, "வீட்டு கிரைண்டர்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடு தம்பி, செலவெல்லாம் ஓனர் பாத்துக்குவார்" என்றார். வலியில் எனக்கும் தலையாட்டிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் என் மாமா குவாரியில் கால் உடைந்தபோது, மரத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லிவிட்டு, பிறகு ஒரு பைசா கேட்க முடியாமல் நின்றது நினைவுக்கு வந்தது. டாக்டர் கேட்டதும், "பட்டறையில, மிஷின்ல" என்றேன். அதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். ஏ.ஆர். காப்பி என்பார்கள். பதினாறு மாதம் கழித்து எனக்கு வந்த பணம் முழுக்க அந்த ஒரு வரியின் மேல் நின்றதுதான்.

தையல் பிரித்த வாரம் முதலாளி எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அறுபதாயிரம் ரூபாய், இருபது ரூபாய் பத்திரம். 'இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்' என்று டைப் அடித்தே கொண்டுவந்திருந்தார்கள். அம்மாவுக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம். வீட்டில் அரிசி வாங்கவே கடன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் மனைவிதான், "நாலு பேர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றோம்" என்று அனுப்பிவைத்தாள்.

கேட்கப் போன இடம், கிருஷ்ணகிரி கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. தொழிலாளி என்றால் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம். எனக்குக் கொடுத்த வக்கீலம்மா முதலில் கேட்டது, "இ.எஸ்.ஐ. பிடிச்சாங்களா?" என்று. சம்பளத்தில் பிடித்துக் கட்டும் தொழிலாளர் காப்பீடு அது. பிடித்திருந்தால் இ.எஸ்.ஐ. அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும், பாதை வேறு. பத்துப் பேருக்குக் குறைவான பட்டறை என்பதால் எங்களுக்கு அது இல்லை. அப்போது நடப்பில் இருந்த 1923ஆம் வருடத்து இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளியே தர வேண்டும் என்றார். பத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது, ஆனால் கையெழுத்து போட்டுவிட்டால் இழுத்தடிக்க அவர்களுக்கு ஒரு காகிதம் கிடைத்துவிடும் என்றார்.

அப்புறம் ஒரு வெள்ளைத்தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். என் சம்பளம் பதினாறாயிரம். எவ்வளவு வாங்கினாலும் அப்போது சட்டம் 15,000 வரைதான் எடுத்துக்கொண்டது. அதில் 60 சதவீதம் 9,000. முப்பது வயதுக்கு அட்டவணையில் இருக்கும் எண் 207.98. இரண்டையும் பெருக்கினால் 18,71,820. கட்டைவிரல் முழுதாகப் போனால் 30 சதவீதம் என்று அந்தச் சட்டத்திலேயே போட்டிருந்தது. ஆக 5,61,546 ரூபாய். அந்தத் தாளை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். அறுபதாயிரத்துக்குக் கையெழுத்து போட இருந்தவன் நான். அன்று ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கும் மனைவிக்கும் பேச்சே வரவில்லை.

முதலாளிக்கு ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் போனது. பதில் இல்லை. தொழிலாளர் துறை அதிகாரிதான் அப்போது இழப்பீட்டு ஆணையர். அவரிடம் மனு போட்டோம். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பது அந்தச் சட்டத்தில் இருந்தது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் செலவு, சாப்பாடு. மனைவி மாங்காய் மண்டிக்கு வேலைக்குப் போன காசில்தான் போய் வந்தேன்.

எதிர்த்தரப்பு இரண்டு விஷயம் சொன்னது. நான் அங்கே வேலையே செய்யவில்லை, எப்போதாவது வந்து போகிறவன் என்பது ஒன்று. பெல்ட் வலையை நானே கழற்றினேன் என்பது இன்னொன்று. இரண்டாவதைக் கேட்டபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. இல்லாத வலையை எப்படிக் கழற்றுவது? கூட வேலை செய்த இரண்டு பேர் பீகாருக்குப் போய்விட்டார்கள், மற்றவர்கள் பயந்தார்கள். அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. கடைசியில் காப்பாற்றியது என் போன். "காலைல ஏழு மணிக்கு வந்துடு, லோடு இருக்கு" என்று சூப்பர்வைசர் மாதக்கணக்கில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள், முன்பணமாக ஜிபே-யில் போட்ட தொகைகள். சம்பளக் கவரின் மேல் பேனாவில் எழுதியிருந்த தொகையையும் மனைவி பத்திரப்படுத்தியிருந்தாள், எட்டுக் கவர்கள். லோடு ஏற்ற வரும் டெம்போ டிரைவர் ஒருவர் தானாக வந்து, அந்த மிஷினில் வலை இருந்ததே இல்லை என்று சாட்சி சொன்னார். அவருக்கு இதில் ஒரு லாபமும் இல்லை.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. ஒரு மாதத்துக்குள் தராமல் விட்டதற்கு வருடம் 12 சதவீத வட்டி. அதோடு ஆறு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் சொச்சம் ஆனது. ஆஸ்பத்திரிச் செலவும் கிடைத்தது, ஆனால் பில் இருந்ததற்கு மட்டும். மெடிக்கலில் பில் கேட்காமல் வாங்கிய மாத்திரைக்கெல்லாம் எதுவும் வரவில்லை. அபராதமும் கேட்டிருந்தோம், அது கிடைக்கவில்லை. ஹைகோர்ட் போக முதலாளிக்கு 60 நாள் இருந்தது. அதற்கும் முழுத் தொகையை முதலில் கட்டியாக வேண்டியிருந்தது. அவர் போகவில்லை, கட்டிவிட்டார்.

பணம் வாங்கப் போன அன்று பதிவேட்டில் கையெழுத்து கேட்டார்கள். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பேனாவைப் பிடித்து எழுத அதற்குள் பழகியிருந்தேன். கொஞ்சம் கோணலாக வந்தது. குமாஸ்தா அவசரப்படுத்தாமல், முழுப் பெயரையும் எழுதி முடிக்கும்வரை நோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.