வன்னியில் வளரும் குதிரைக்கு ஏற்ற பிரஷ்

குதிரைக்கான பிரஷ் ஒன்றைக் கையில் எடுத்தால், அதன் மயிர் நுனியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பலகையின் பளபளப்பு, அதில் பொறித்திருக்கும் பெயர், பெட்டிக்குள் எத்தனை உருப்படிகள் இருக்கின்றன என்பவையெல்லாம் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை. குதிரையின் தோலில் படுவது அந்த நுனி மட்டுமே. கிளிநொச்சிப் பக்கத்தில் எங்கள் வளவில் ஒரு பெண்குதிரையை வளர்த்து வருகிறேன். இந்த மண்ணின் வெயிலுக்கும் புழுதிக்கும் மாரிச் சேற்றுக்கும் எந்தப் பிரஷ் பொருந்துகிறது என்று எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். வன்னியில் குதிரை வளர்ப்பவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரும் பிரஷ் வாங்குவதற்குக் கொழும்புக் கடைகளையோ இணையத்தையோ, விடுமுறைக்கு வரும் உறவினரின் பயணப்பெட்டியையோ நம்பியிருக்க வேண்டியுள்ளது. தொட்டுப் பார்க்காமலே வாங்க நேர்வதால், எதைச் சொல்லி வாங்குவிப்பது என்பது முன்கூட்டியே தெளிவாக இருப்பது நல்லது.

தொகுதியாக விற்கப்படும் குதிரைப் பிரஷ்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக் குதிரையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே பகல் குறுகும் காலத்தில் குதிரைக்கு நீண்டு அடர்ந்த மயிர் வளர்கிறது. பகல் நீளத் தொடங்கியதும் அது கொத்துக் கொத்தாக உதிர்கிறது. மயிர் வளர்வதையும் உதிர்வதையும் முதன்மையாகத் தீர்மானிப்பது பகலின் நீளமே. குளிரும் சூடும் அதற்கு அடுத்தவைதான். வன்னியோ வடக்கு அகலக்கோடு 9 பாகையை ஒட்டிக் கிடக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே வேறுபாடு. ஆகையால் எங்கள் குதிரைகளின் மயிர் ஆண்டு முழுவதும் குட்டையாக, தோலோடு படிந்தே இருக்கிறது. பல் வைத்த உலோகத் தகடுகளும், முள்ளுப்போல் நிற்கும் கடினமான நைலோன் பிரஷ்களும் அடர்ந்த மயிர்க் கற்றையை ஊடுருவுவதற்காகச் செய்யப்பட்டவை. ஊடுருவ மயிர் இல்லாத இடத்தில் அவை நேரே தோலில் போய்க் கீறும். எட்டுப் பத்து உருப்படிகள் கொண்ட பெட்டியை வாங்கினால் அவற்றில் பாதி இங்கே பயன்படாமலே கிடக்கும். அந்தப் பணத்தை இரண்டு நல்ல பிரஷ்களில் போடுவதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

நெடுந்தீவில் கட்டுப்பாடின்றித் திரியும் குதிரைகளுக்கு யார் பிரஷ் போடுகிறார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. அவை மணலில் புரண்டும், ஒன்றின் கழுத்தை மற்றொன்று பல்லால் கோதியும் தம்மைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. ஆனால் அவற்றின் முதுகில் சேணம் ஏறுவதில்லை. சேணமும் வாரும் பூட்டப்படும் குதிரையின் நிலை வேறு. குதிரையின் வியர்வையில் மனித வியர்வையைவிட உப்பு அதிகம். அத்தோடு, நுரையைக் கிளப்பும் லாதரின் என்னும் புரதமும் அதில் கலந்திருக்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் புழுதி அந்த ஈரத்தில் படிந்து, காய்ந்து, மயிரோடு மயிராக இறுகிவிடுகிறது. அதன்மேல் சேணத்தை வைத்து வாரை இறுக்கினால், உராய்வில் தோல் வெந்து புண்ணாகும். அந்தப் புண்ணில் ஈ மொய்க்கத் தொடங்கினால் ஆறுவதற்கு வெகுநாள் எடுக்கும். ஆகவே பிரஷ் போடுவது முதலில் தோலின் நலத்துக்காக. மயிரின் மினுமினுப்பு அதன் விளைவாகத் தானாக வருவது. உண்ணி எங்கே கடித்துத் தொங்குகிறது, எங்கே வீக்கம், எங்கே தொட்டால் கூசுகிறது என்பதும் நாள்தோறும் பிரஷ் பிடிக்கும் கைக்குத்தான் முதலில் தெரியவரும்.

வரிசைப்படி முதலில் வருவது இரப்பரால் செய்த தேய்ப்பான். உள்ளங்கையில் அடங்கும் வட்டமான உருப்படி. அடிப்பக்கத்தில் குட்டையான, மழுங்கிய பற்கள் வளையம் வளையமாக இருக்கும். அதை மயிரின் மேல் சிறு வட்டங்களாகத் தேய்க்கும்போது இறுகிய வியர்வையும் புழுதியும் உதிர்ந்து மேலெழும்புகின்றன. உதிரக் காத்திருக்கும் மயிரும் வந்துவிடுகிறது. தேர்வு செய்யும்போது இரண்டு விரல்களால் மடித்துப் பாருங்கள். எளிதாக வளைந்து உடனே பழைய உருவத்துக்குத் திரும்பினால் நல்ல இரப்பர். கடினமான பிளாஸ்டிக்கில் செய்தவை மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றின் பற்கள் வளைந்து கொடுக்காததால் விலா எலும்பின் மேலும் தோளெலும்பின் மேலும் வலியை உண்டாக்கும். வெயில் படும் சுவரில் மாட்டி வைத்தால் எந்த இரப்பரும் இந்த ஊரில் விரைவில் வெடித்துவிடும் என்பதால், நிழலில் வைப்பதற்கு ஓர் இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு மென்மையான இரப்பராக இருந்தாலும் முகத்திலும், முழங்காலுக்குக் கீழே சதையில்லாத பகுதிகளிலும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

இரண்டாவதாக வருவது சற்று விறைப்பான நார்ப் பிரஷ். தேய்ப்பான் கிளப்பிவிட்ட புழுதியை மணிக்கட்டால் சுண்டிச் சுண்டி வெளியே தள்ளுவதே அதன் வேலை. இந்தப் பிரஷுக்கு வெளிநாட்டுப் பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை என்று நான் நினைக்கிறேன். உலகெங்கும் விறைப்பான பிரஷ்களுக்குப் பயன்படும் இயற்கை நார்களில் மூன்று இந்தத் தீவிலேயே விளைகின்றன: தென்னந்தும்பு, பனந்தும்பு, தெற்கிலே கிடைக்கும் கித்துள் நார். பனை மட்டையின் அடிப்பகுதியிலிருந்து எடுக்கப்படும் தும்பு நீரில் ஊறினாலும் எளிதில் தளராது. வீதி பெருக்கும் தும்புத்தடிகளுக்கும் தரை தேய்க்கும் பிரஷ்களுக்கும் அது உகந்ததாக இருப்பது அந்த விறைப்பினால்தான். பூநகரியிலும் மன்னார்க் கரையிலும் பனைக்குக் குறைவில்லை. பனைசார் தொழில்களுக்கென்று 1978 இல் உருவாக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் இருக்கிறது. குதிரைக்கென்று அளவாக ஒரு பனந்தும்புப் பிரஷ் செய்து தரக்கூடிய கைகள் வடக்கில் நிச்சயம் இருக்கின்றன. கேட்டுச் செய்விக்க ஆட்கள்தான் குறைவு. ஆனாலும் தனிப் பனந்தும்பு குதிரையின் உடலுக்கு மிகவும் கடுமையானது. அதைக் குளம்புக்கும், சேணத்தின் கீழ் விரிக்கும் துணிக்கும், கொட்டிலின் தரைக்கும் வைத்துக்கொண்டு, உடலுக்குக் கித்துளையோ, நீளமான தேர்ந்த தென்னந்தும்பையோ பயன்படுத்துவதே ஏற்றது. நார் இரண்டங்குல நீளத்துக்குக் குறையாமல் இருந்தால் வளைந்து கொடுக்கும். குட்டையாக வெட்டினால் அதே நார் ஆணிபோல் குத்தும்.

சவாரி மாடு வளர்ப்பவர்கள் நிறைந்த ஊர் எங்களுடையது. பெரியப்பா தம் நாம்பன்களைக் குளத்தில் இறக்கிப் பொச்சுமட்டையால் தேய்த்துக் கழுவுவதைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். குதிரையையும் அவ்வாறே தேய்க்கலாமே என்று கேட்பவர்களுக்குப் பெரியப்பாவே மறுமொழி சொல்லிவிடுவார்: “மாட்டுத்தோல் தடிப்பு, தம்பி. இது ஈ ஒன்று இருந்தாலே தோலைச் சிலிர்க்கிற சாதி.” அவர் சொல்வது சரிதான். ஈ இருந்த இடத்தை மட்டும் துடிக்கச் செய்வதற்கென்று குதிரைக்குத் தோலுக்கடியில் தனியாக ஒரு மெல்லிய தசைப்படலம் இருக்கிறது. அவ்வளவு கூர்மையாக உணரும் தோலின் மேல் எதை வைத்துத் தேய்க்கிறோம் என்பதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. பிரஷ் பட்டவுடன் காதைப் பின்னுக்கு மடித்தாலோ, முதுகைத் தாழ்த்தினாலோ, வாலை விசிறினாலோ, குதிரைக்குக் குணம் சரியில்லை என்று முடிவு செய்வதற்கு முன்னர் பிரஷின் நுனியைத் தடவிப் பார்ப்பதே முறை.

பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்று கேட்டால், மூன்றாவதான உடல் பிரஷில்தான் என்று சொல்வேன். முட்டை வடிவப் பலகை, அதன் முதுகில் கையை நுழைத்துக்கொள்ள ஒரு பட்டி, அடியில் குட்டையாகவும் மிக அடர்த்தியாகவும் பதித்த மென்மயிர்: இதுதான் அதன் அமைப்பு. தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசையை வேரிலிருந்து எடுத்து மயிரின் நுனிவரை பரப்புவதும், மிஞ்சிய நுண்புழுதியை ஏந்திக்கொள்வதும் இதன் வேலை. அந்த எண்ணெய்ப்பசைதான் மயிருக்கு மினுக்கத்தைத் தருவதோடு மழைநீரையும் ஓரளவு வழிந்தோடச் செய்கிறது. அடிக்கடி சவர்க்காரம் போட்டுக் கழுவினால் அது போய்விடும். நல்ல உடல் பிரஷ் அதைக் காத்துக் கொடுக்கும்.

இந்தப் பிரஷில் இயற்கை மயிருக்கும் செயற்கை இழைக்கும் உள்ள வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிகிறது. பன்றி மயிரின் நுனி இயல்பாகவே இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவுகள் புழுதியைப் பிடித்து வெளியே கொண்டுவருகின்றன, எண்ணெய்ப்பசையையும் ஏந்துகின்றன. மலிவான நைலோன் இழையோ வெட்டிய இடத்தில் கூராக நின்றுவிடுகிறது. அத்தோடு, வறண்ட நாளில் தேய்க்கும்போது நிலைமின் ஏறி, தட்டிவிட்ட புழுதியையே மயிர் மறுபடியும் இழுத்துக்கொள்கிறது. ஆடி ஆவணிக் காற்றில் வன்னியில் இது பெரிய தொல்லை. செயற்கை இழையிலும் நுனியை மெலிதாக்கிப் பிளந்து செய்த நல்ல பிரஷ்கள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அவை பூஞ்சணம் பிடிக்காமல் மாரியைத் தாங்குகின்றன. பன்றி மயிரைத் தொட விரும்பாத வீடுகளுக்கு, குறிப்பாக மன்னாரிலும் முல்லைத்தீவிலும் உள்ள முஸ்லிம் குடும்பங்களுக்கு, குதிரை மயிராலோ ஆட்டு மயிராலோ செய்த உடல் பிரஷ்கள் கிடைக்கின்றன. குதிரை மயிர் சற்று மென்மை. புழுதியை வாரும் வலு சிறிது குறைவு. மினுக்கம் கொடுப்பதில் குறையில்லை. அட்டையில் “இயற்கை மயிர்” என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம். உதிர்ந்த ஓர் இழையைத் தீயில் காட்டினால் உண்மை தெரிந்துவிடும்: மயிரென்றால் பொசுங்கும் நாற்றம் வந்து, நசுக்கினால் தூளாகும் சாம்பல் மிஞ்சும், நைலோனென்றால் உருகி உருண்டு கடினமான குமிழாக நிற்கும்.

நுனிக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது அடர்த்தி. மயிரை விரலால் விலக்கிப் பார்த்தால் பலகை எளிதில் தெரியக் கூடாது. ஒரு கொத்தைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு இழைகள் வருவது இயல்பு, கொத்தே அசைந்தால் அந்தப் பிரஷை வைத்துவிடுங்கள். கொத்துகளைப் பிடித்திருக்கும் கம்பி துருப்பிடிக்கும் இரும்பாக இருந்தால், ஒரு மாரி கழிவதற்குள் துருவோடு கொத்துகளும் கழன்றுவிடும். பலகை மரமென்றால் மயிர் பதித்த பக்கம் உட்பட எங்கும் வாணிஷ் பூசியிருக்க வேண்டும். பூசாத மரம் ஈரத்தில் ஊதி, வெயிலில் சுருங்கி, துளைகளை ஒட்டி வெடிக்கும். தோல் முதுகுப் பிரஷ்கள் குதிரையின் உடல்வளைவுக்கு ஏற்ப அழகாக வளைகின்றன என்றாலும், கார்த்திகை மார்கழியில் தோலில் பூஞ்சணம் பிடிப்பதைத் தடுப்பது கடினம். பருத்திப் பட்டியும் வாணிஷ் பூசிய மரமும்தான் எங்கள் காலநிலைக்குப் பொருந்துகின்றன. பட்டியைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்க வேண்டும். என் கைக்குச் சரியாக இருக்கும் பிரஷ் வீட்டிலுள்ள பிள்ளையின் கைக்குப் பெரிதாக இருக்கும், பெரிதாக இருந்தால் அழுத்தம் சீராக விழாது. கடைசியாக, முழங்கையின் உட்புறத்தில் பிரஷை அழுத்தி இழுத்துப் பாருங்கள். அங்கே சிவந்த கீறல் விழுந்தால் குதிரையின் விலாவிலும் அதுவே நிகழும்.

உடல் பிரஷைச் சுத்தம் செய்ய ஒரு சிறிய உலோகத் தேய்ப்பான் வேண்டும். நாலைந்து முறை பிரஷை இழுத்ததும் அதன்மேல் ஒருமுறை உரசிப் புழுதியைத் தட்டிவிட்டுத் தொடர வேண்டும். உலோகத் தேய்ப்பானின் மரபான பயன் இதுவே. அதைக் குதிரையின் உடலில் நேரே வைப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. முகத்துக்கு உள்ளங்கையளவில் ஆட்டு மயிர்ப் பிரஷ் ஒன்று போதும். பிடரிக்கும் வாலுக்கும் பல் இடைவெளி அகன்ற சீப்பு. வாலை மட்டும் முதலில் விரலால் சிக்கெடுத்துவிட்டு, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சீவ வேண்டும், ஏனெனில் பறிந்த வால்மயிர் மறுபடி முழு நீளம் வளர ஆண்டுகள் பிடிக்கும். குளம்புக்கு, பின்னால் சிறு பிரஷ் பொருத்திய ஒரு கொக்கி.

ஐப்பசியில் மழை தொடங்கியதும் இந்தப் பொருள்களின் பராமரிப்பு மாறுகிறது. நனைந்த சேற்றைப் பிரஷால் தேய்க்கக் கூடாது. அது சேற்றை மயிருக்குள் இன்னும் அழுத்தி, தோலை உராய்ந்து, பற்றீரியா புகுவதற்கு வழி செய்துவிடும். மாரியில் முதுகில் மயிரோடு சேர்ந்து பெயரும் பொருக்குகள் தெரிந்தால், அந்தக் குதிரைக்குப் பயன்படுத்திய பிரஷை வேறு எந்த விலங்குக்கும் எடுக்காமல் ஒதுக்கி வைத்துவிட்டு மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். படர்தாமரையும் பிரஷ் வழியாகத்தான் ஒரு குதிரையிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாகப் பரவுகிறது. நலமாக இருக்கும் காலத்திலும் ஒரு குதிரைக்கு ஒரு தொகுதி என்று பிரித்து, பலகையில் பெயர் எழுதி வைப்பது நல்ல பழக்கம். பிரஷ்களைக் கழுவும்போது மயிர் மட்டும் நனையும்படி மெல்லிய சவர்க்கார நீரில் அலசி, மயிர்ப் பக்கம் கீழ்நோக்கியிருக்கக் காற்றோட்டமான நிழலில் உலர்த்த வேண்டும். மேல்நோக்கி வைத்தால் நீர் வழிந்து துளைகளுக்குள் இறங்கி மரத்தை அழுகச் செய்யும். மயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நுனிகள் தேய்ந்துவிட்ட உடல் பிரஷ் புழுதியை வாராது. அப்போது அதைச் சேணத்துணி தட்டுவதற்கு ஒதுக்கிவிட்டு, குதிரையின் உடலுக்குப் புதிதாக ஒன்றை வாங்கிவிடுங்கள்.