அலகநந்தையின் கரைவழியே வதரிக்கு

ஆழ்வார்கள் வதரி என்று பாடிய பத்ரிநாத், ரிஷிகேசத்திலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். தேவப்பிரயாகை வரை கங்கையையும், அதற்கு மேல் அலகநந்தையையும் ஒட்டியே சாலை ஏறுகிறது. ஆறு அறுத்துத் தந்த பள்ளத்தாக்கைத் தவிர அந்த மலைகளுக்குள் நுழைய எளிய வழி வேறில்லை என்பதால், மோட்டார் சாலை வருவதற்கு முன் யாத்திரிகர்கள் வாரக்கணக்கில் நடந்ததும் இந்தக் கரையோடுதான். அவர்கள் இரவு தங்கிய இடங்களுக்குச் 'சட்டி' என்று பெயர். பத்ரிக்குச் சற்று முன்னால் வரும் ஹனுமான் சட்டி என்ற ஊர்ப்பெயரில் அச்சொல் இன்றும் நிற்கிறது.

பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் தேவப்பிரயாகையே. பாகீரதி பச்சையாகவும் அலகநந்தை மண்கலங்கலாகவும் வந்து சேருமிடத்தில், படியில் பதித்த இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மூழ்கினோம். முழங்கால் அளவு நீரிலேயே ஆறு காலை வாரப் பார்க்கிறது. குளிரில் விரல்கள் மரத்துச் சங்கிலியின் பிடியே தெரியவில்லை. உள்ளங்கையில் அள்ளிய நீர் வடிந்ததும் மினுமினுக்கும் நுண்மணல் மட்டும் தங்கியது.

அதன்பின் ருத்ர, கர்ண, நந்தப் பிரயாகைகளில் மந்தாகினி, பிண்டர், நந்தாகினி ஆகியவை ஒவ்வொன்றாக வந்து சேர்வதைப் பார்த்தபடி ஏறினோம். ஓரிடத்தில் மண்சரிவால் மூன்று மணி நேரம் நிற்க நேர்ந்தது. கோஷ்டியில் இருந்தவர்கள் அந்நேரம் முழுவதும் பாசுரம் சேவித்தார்கள். எனக்கு அது யாத்திரையின் மிகச் சிறந்த பொழுதாகவே அமைந்தது.

அடுத்து வரும் ஜோஷிமட்டை, ஆழ்வார் பாடிய திருப்பிரிதி என்று கொள்வது வைணவ மரபு. பனிக்காலத்தில் பத்ரி நடை சாத்தப்படும்போது வழிபாடு இந்தப் பள்ளத்தாக்கு வழியாகவே கீழிறங்கி வருகிறது. ஆக, தேவப்பிரயாகை, ஜோஷிமட், பத்ரி என ஒரே ஆற்றின் கரையில் ஆழ்வார்கள் பாடிய திருத்தலங்களான திவ்யதேசங்கள் மூன்று! தமிழ்நாட்டிலிருந்து இத்தனை தொலைவில் உள்ள ஓர் ஆற்றோரம் ஆழ்வார்களின் தமிழ் மூன்று இடங்களில் ஒலிப்பதை எண்ணும்போது மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

முதுமை வந்து கோலூன்றும் முன்பே வதரியை வணங்குவோம் என்று திருமங்கையாழ்வார் பாடினார். எங்களுடன் வந்த மாமி ஒருவர் கோலூன்றியே வந்தார். "இப்பவாவது கூப்பிட்டாரே" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சுமார் 3,100 மீட்டர் உயரத்தில், எதிர்க்கரையில் தப்த குண்டம் என்னும் வெந்நீர் ஊற்றின் ஆவி எழ, சந்நிதிக்குச் செல்லும் பாலத்தின் நடுவில் அவர் நின்றார். கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெருமாளைச் சேவிக்கும் முன்பே, எங்களை அதுவரை அழைத்து வந்த அலகநந்தையைக் குனிந்து பார்த்துக் கைகூப்பினார்.