பேரக்குழந்தையின் கார்டியன்ஷிப்: பத்திரம் எழுதினால் போதாது

மகனும் மருமகளும் சம்மதித்து, முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது, இனி பேரன் எங்கள் பொறுப்பு என்று நம்பியிருக்கும் தாத்தா பாட்டிகள் நிறைய. அந்தப் பத்திரத்தைப் பெற்றோர் பின்னால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். இது நூறாண்டுக்கு மேல் பழைய சட்ட நிலை. 1910-இல் மதராஸில் நாராயணய்யா தன் இரு மகன்களை (ஒருவர் பின்னாளில் தத்துவ அறிஞரான ஜே. கிருஷ்ணமூர்த்தி) தியாசபிகல் சொசைட்டி தலைவர் அன்னி பெசன்ட்டிடம் எழுதி ஒப்படைத்தார். பிறகு மனம் மாறி வழக்குத் தொடுத்தார். 1914-இல், அப்போது இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், வேறு காரணத்துக்காக அவர் வழக்கைத் தள்ளினாலும், தகப்பன் கொடுத்த பொறுப்பு திரும்பப் பெறக்கூடியதே என்றது. குழந்தையின் நலன் கெடும் என்றால் நீதிமன்றம் அதைத் தடுக்கலாம் என்றும் சொன்னது.

ஆகவே வழி நீதிமன்றம்தான். 1890-ஆம் ஆண்டு கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டப்படி, உங்களைக் குழந்தையின் காப்பாளராக (கார்டியன்) நியமிக்கக் கோரி மனு போட வேண்டும். குடும்ப நல நீதிமன்றம் இருக்கும் இடத்தில் அங்கே, இல்லையேல் மாவட்ட நீதிமன்றத்தில். குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரே கணக்கு. போன வாரம் கூட்டிவந்துவிட்டு உங்கள் ஊரில் மனு போட்டால் அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்ற ஆட்சேபணையிலேயே மாதங்கள் ஓடிவிடும். பள்ளிச் சான்றும் தடுப்பூசி அட்டையும் இங்கே கைகொடுக்கும்.

பலர் சறுக்குவது அச்சட்டத்தின் 19-ஆம் பிரிவில். தாயோ தந்தையோ உயிரோடிருந்து, தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாதவரை, குழந்தையின் பராமரிப்புக்கு வேறு காப்பாளரை நியமிக்க முடியாது. 'எங்களுக்குச் சம்மதம்' என்ற ஒற்றை வரி அதற்குப் போதாது. தீராத நோய், போதைப் பழக்கம், சிறைவாசம், கைவிட்டுப் போனது என்று எதுவானாலும் தேதியோடு, ஆவணத்தோடு எழுதுங்கள். பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படி எழுதுவது வலிக்கும்தான். மழுப்பினால் நஷ்டம் குழந்தைக்கு.

மனுவில் பிறந்த தேதி, மதம், இப்போது யாரிடம் வளர்கிறது, நெருங்கிய உறவினர் முகவரிகள், சொத்து இருந்தால் அதன் தோராய மதிப்பு எல்லாம் வர வேண்டும். காப்பாளராக இருக்கச் சம்மதம் என்ற உங்கள் உறுதிமொழியில் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும்; அடிக்கடி விடுபடுவது இதுதான். தீர்ப்பு வரும்வரை குழந்தை உங்களிடம் இருக்க, 12-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவும் கேளுங்கள்.

வயதைக் காட்டி எதிர்ப்பார்கள். கோவிட்டில் பெற்றோரை இழந்த சிறுவன் வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம், தாயின் சகோதரியோடு ஒப்பிட்டு வயதும் வருமானமும் மட்டுமே பார்த்துத் தாத்தா பாட்டியை ஒதுக்க முடியாது என்று அவர்களிடமே ஒப்படைத்தது. இருந்தாலும் இருவரும் சேர்ந்தே மனு போடுவதும், உங்களுக்குப் பின் யார் பார்ப்பார் என்று அத்தை அல்லது மாமாவின் பிரமாணப் பத்திரம் சேர்ப்பதும் நல்லது.

உத்தரவு கிடைத்தபின் நீதிமன்ற அனுமதியின்றிக் குழந்தையின் வீடு, நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அந்த நீதிமன்ற எல்லையைவிட்டுக் குழந்தையைக் கூட்டிப்போகவும் அனுமதி தேவை. படிப்புக்காக ஊர் மாற நேரலாம் என்று தோன்றினால், ஒவ்வொரு முறையும் அலையாமலிருக்க, பொது அனுமதியை முதல் மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.